பழைய டாஸ் கணினிக்கு உரிமத்தோடு ஒரு ஷெல் தேடிய அனுபவம்

எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு 486 கணினி இன்றும் தினமும் வேலை செய்கிறது. உலோகக் கம்பி, தகடு, பற்றவைத்த துண்டு எதுவானாலும் இரண்டு முனையையும் பிடித்து இழுத்து, எவ்வளவு விசையில் நீள்கிறது, எப்போது அறுகிறது என்று அளக்கும் இயந்திரத்தை ஓட்டுவது அதுதான். இயந்திரத்தோடு பேசும் அட்டை ஐஎஸ்ஏ வகை. அதைச் செருகுவதற்கான இடம் இன்றைய சாதாரண கணினிகளில் கிடையாது. அட்டையை இயக்கும் நிரலும் விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸில் மட்டுமே ஓடும். இயந்திரத்தில் குறை ஒன்றும் இல்லை. அளவுத்திருத்தத்தில் ஒவ்வொரு முறையும் தேறிவிடுகிறது. அதனால் கணினியையும் நாங்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு தணிக்கையின்போது வந்தவர் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து, "ஒரு டைரக்டரியைக் காட்டுங்கள்" என்றார். கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையான டிஐஆர் என்று அடித்தேன். கோப்புகளின் பெயர்கள் பச்சை, மஞ்சள், நீலம் என்று நிறம் நிறமாக வந்து விழுந்தன. அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எம்எஸ்-டாஸில் இப்படி நிறம் வராதே சார். இது என்ன ஷெல்? இதற்கு லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 'மென்பொருள் உரிமப் பட்டியல் முழுமையாக இல்லை' என்று எழுதிவிட்டு, சரிசெய்ய அவகாசம் கொடுத்துப் போனார். அந்த ஒரு வரியைச் சரிசெய்ய எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது.

ஷெல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் தட்டும் கட்டளையை வாங்கி, புரிந்துகொண்டு, உரிய நிரலை ஓடவிடும் நிரல்தான் ஷெல். எம்எஸ்-டாஸில் அந்த வேலையைச் செய்வது கமாண்ட்.காம் என்ற கோப்பு. அது டாஸின் உயிர்நாடி மாதிரி தெரிந்தாலும் உண்மையில் தனி நிரல். எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். கான்ஃபிக்.சிஸ் கோப்பில் 'ஷெல்=' என்று தொடங்கும் வரியில் எதன் பெயர் இருக்கிறதோ, அதுதான் பூட் ஆனதும் வந்து நிற்கும்.

எனவே முதலில் பார்த்தது அந்த வரியைத்தான். அதில் 4டாஸ் என்று இருந்தது. பதிப்பைச் சொல்லும் விஇஆர் கட்டளையைக் கொடுத்தால் 4டாஸ் 5.5 என்றும், கீழே டாஸ் 6.22 என்றும் வந்தது. ஆக டாஸ் மைக்ரோசாஃப்டுடையது, ஷெல் வேறொருவருடையது. ரெக்ஸ் கான், டாம் ராவ்சன் இருவரும் ஜேபி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் பெயரில் 1989-இல் வெளியிட்ட ஷெல் அது. ஷேர்வேராக வந்தது. அதாவது யாரும் யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், சில நாள் ஓட்டிப் பார்க்கலாம், தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். பிரதி எடுக்கும் அனுமதியும் பயன்படுத்தும் அனுமதியும் வேறு வேறு என்பதை அந்தக் காலத்தில் பெரும்பாலோர் யோசிக்கவில்லை. ஃப்ளாப்பி கைமாறியதும் உரிமமும் கைமாறிவிட்டதாகவே நினைத்தார்கள்.

எங்கள் பிரதி பதிவு செய்ததா இல்லையா? அதைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். கணினி பூட் ஆகும்போது ஏதோ ஒரு வாசகம் கண்சிமிட்டும் நேரம் வந்து மறையும். பல வருடமாகப் பார்த்தும் அதை யாரும் படித்ததில்லை. பூட் ஆகும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பைத் திறந்து பார்த்தால் முதல் வரியே திரையைத் துடைக்கும் கட்டளை. அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி பூட் செய்தேன். வாசகம் அப்படியே நின்றது: இது பரிசோதனைக்கான பிரதி, பிடித்திருந்தால் பதிவு செய்யவும். அவ்வளவு நாளும் ஒவ்வொரு காலையும் அந்தக் கணினி நம்மிடம் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஓய்வு பெற்றுவிட்ட எங்கள் மூத்த டெக்னீஷியன் அண்ணாவுக்கு ஃபோன் போட்டேன். "தம்பி, அப்போ யாரோ ஃப்ளாப்பியில கொடுத்தாங்க. பேட்ச் ஃபைல் எழுத ரொம்ப வசதியா இருந்துச்சு. பணம் கட்டினோமான்னு எனக்கு நெனவில்லப்பா" என்றார். பழைய கோப்புகளைக் கிளறினோம். ரசீது, பதிவு எண், கடிதம் ஒன்றும் கிடைக்கவில்லை. கணினி பெட்டியின் பக்கவாட்டில் எம்எஸ்-டாஸுக்கான உரிம ஒட்டு மட்டும் மங்கலாக இருந்தது. அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். இப்படி ஒரு ஒட்டு உங்கள் பழைய கணினியிலும் இருந்தால், எழுத்து அழியும் முன் படம் எடுத்துவிடுங்கள்.

சரி, ஒட்டு இருக்கும்போது பேசாமல் கமாண்ட்.காமுக்கே திரும்பினால் என்ன? முதலில் எனக்குத் தோன்றியதும் அதுதான். எம்எஸ்-டாஸ் 6.22-இன் கமாண்ட்.காம் 54,645 பைட் இருக்கும். தேதி 31-05-1994, நேரம் 6:22. பதிப்பு எண்ணையே நேரமாகப் போட்டிருப்பார்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் அந்த அளவு, அந்தத் தேதியோடு கோப்பு பத்திரமாக இருந்தது. யாரோ மாற்றிவைத்த கோப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ள இந்த மூன்று விவரமும் உதவின.

சிக்கல் பேட்ச் ஃபைல்களில், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி ஒரே தடவையில் ஓடவிடும் கோப்புகளில் இருந்தது. அண்ணா எழுதிய 14 கோப்புகளும் 4டாஸின் மொழியில் இருந்தன. கமாண்ட்.காம் ஒரு பேட்ச் ஃபைலை வரிக்கு வரி திறந்து படித்து மூடும். 4டாஸில் பிடிஎம் என்ற வகைக் கோப்பு உண்டு. முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு ஓடும். மெதுவான டிஸ்கில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அத்தோடு, கமாண்ட்.காமில் இல்லாத நிபந்தனைக் கட்டளைகள், கூட்டல் கழித்தல் செய்யும் வசதி எல்லாம் அதில் உண்டு. இவற்றை எல்லாம் அவர் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தார்.

இன்னும் முக்கியமான ஒன்று, கோப்புகளுக்கான விளக்கம். டாஸில் கோப்புப் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகாது. அதில் எந்த மாதிரி, எந்த வார்ப்பு, யார் சோதித்தது என்று எதைச் சொல்ல முடியும்? 4டாஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி விளக்கம் எழுதி வைக்கலாம்; டிஐஆர் அடித்தால் பெயருக்குப் பக்கத்திலேயே வரும். எங்கள் பழைய சோதனை முடிவுகள் அனைத்துக்கும் அப்படி விளக்கம் இருந்தது. அது போய்விட்டால் முடிவுகள் இருந்தும் எது எதனுடையது என்று தெரியாது.

இதில் நான் கிட்டத்தட்ட பெரிய தவறு செய்யப் பார்த்தேன். முன்னெச்சரிக்கையாக எல்லா முடிவுகளையும் வழக்கமான காப்பி கட்டளையால் இன்னொரு டிஸ்குக்கு எடுத்து வைத்தேன். வேறொரு கணினியில் திறந்தால் விளக்கம் ஒன்றும் இல்லை. 4டாஸ் அந்த விளக்கங்களை ஒவ்வொரு டைரக்டரியிலும் டிஸ்க்ரிப்ட்.அயான் என்ற மறைவுக் கோப்பில் வைக்கிறது. மறைவுக் கோப்பை டாஸின் காப்பி தொடாது. மறைவுக் குறியை அட்ரிப் கட்டளையால் நீக்கிவிட்டு மறுபடி எடுத்தேன். நல்ல வேளையாக அது வெறும் எழுத்துக் கோப்பு: முதலில் பெயர், ஒரு இடைவெளி, அப்புறம் விளக்கம். எந்த எடிட்டரிலும் திறக்கும். ஷெல்லை மாற்றினாலும் தரவு நம் கையில்தான் என்ற நிம்மதி அன்றுதான் வந்தது. பழைய ஷெல்லை மாற்ற நினைப்பவர்கள் எதைத் தொடுவதற்கும் முன்னால் மறைவுக் கோப்புகளைப் பாருங்கள்.

இனி வெளியே தேடுவதுதான் வழி. எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி, "அண்ணே, பழைய மென்பொருள் எல்லாம் வலையில் சும்மா கிடைக்கும். விற்பதையே நிறுத்திவிட்டார்கள், யார் கேட்கப் போகிறார்கள்?" என்றான். இந்த நினைப்பு பரவலாக இருக்கிறது. விற்பனை நின்றுபோனால் உரிமை முடிந்துவிடாது. மென்பொருளுக்கான பதிப்புரிமை பல பத்தாண்டுகள் நீடிக்கும்; எண்பதுகளில் எழுதியவை எதற்கும் இன்னும் காலம் முடியவில்லை. 'கைவிடப்பட்ட மென்பொருள்' என்பது பதிவிறக்குபவர்கள் வைத்த பெயர், உரிமையாளர் கொடுத்த அனுமதி இல்லை. யாராவது கேட்பார்களா என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பதினைந்து வருடம் ஒருவருடைய உழைப்பைப் பணம் கொடுக்காமல் பயன்படுத்தியிருக்கிறோம் என்பது உறுத்தியது. அதே தவறை இன்னொரு தடவை செய்ய மனம் வரவில்லை.

எனவே உரிமையாளரே கொடுத்த அனுமதி எங்கெங்கே எழுத்தில் இருக்கிறது என்று தேடினேன். அதைத் தேடும்போது கற்ற பாடம் ஒன்றுதான் கடைசி வரை என்னை நடத்தியது: உரிமம் பெயருக்குக் கிடையாது, பதிப்புக்கு. ஒரே பெயரில் இருக்கும் ஷெல்லின் ஒரு பதிப்பு இலவசம், முந்தையது விலைக்கு, அடுத்தது நிபந்தனையோடு என்று இருக்கும். 'அது ஃப்ரீ ஆகிவிட்டதே' என்று யாராவது சொன்னால், 'எந்தப் பதிப்பு?' என்று கேட்க வேண்டும்.

மைக்ரோசாஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்எஸ்-டாஸ் 1.25, 2.0 இரண்டின் மூலநிரலும் 2014-இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வழியாக வெளிவந்தது. அப்போது வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. 2018-இல் அதே இரண்டையும் எம்ஐடி உரிமத்தில் மறுபடி வெளியிட்டார்கள். 2024 ஏப்ரலில் 4.00 பதிப்பும் எம்ஐடி உரிமத்தில் வந்தது. எம்ஐடி என்றால் பதிப்புரிமை வாசகத்தை மட்டும் உடன் வைத்துக்கொண்டு எதற்கும் பயன்படுத்தலாம். கமாண்ட்.காமின் மூலநிரலும் அதில் அடக்கம். ஆனால் எங்கள் கணினியில் இருப்பது 6.22. ஆர்வத்தில் 4.00-இன் கமாண்ட்.காமை அதில் ஓட்டிப் பார்த்தேன். 'டாஸ் பதிப்பு தவறு' என்று சொல்லி நின்றுவிட்டது. அது தன்னுடைய டாஸ் பதிப்பைத் தவிர வேறெதிலும் ஓடாது. 6.22 திறந்த உரிமத்தில் வெளிவந்த பதிப்பு கிடையாது. ஆக, 'எம்எஸ்-டாஸ் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிட்டது' என்ற செய்தி உண்மையாக இருந்தும் எனக்குப் பயன்படவில்லை.

எம்எஸ்-டாஸுக்குப் போட்டியாக வந்த டிஆர்-டாஸ் பக்கமும் போனேன். டிஜிட்டல் ரிசர்ச்சிடமிருந்து 1991-இல் நாவெலுக்கு, 1996-இல் கால்டெராவுக்கு என்று உரிமை கைமாறிக்கொண்டே வந்தது. கால்டெரா 1997-இல் ஓப்பன்டாஸ் 7.01 என்று மூலநிரலோடு வெளியிட்டது. வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். நாங்கள் கட்டணம் வாங்கிச் சோதனை செய்து கொடுப்பவர்கள். பெயரில் 'ஓப்பன்' இருந்தாலும் எங்களுக்குக் கதவு மூடித்தான் இருந்தது.

நார்ட்டன் யுடிலிட்டீஸ் என்ற டாஸ் பராமரிப்பு மென்பொருளின் 6.0 பதிப்பு முதல் என்டாஸ் என்று ஒரு ஷெல் சேர்ந்து வரும். அது 4டாஸேதான், வேறு பெயரில். அந்தப் பெட்டியை அன்று விலைக்கு வாங்கியவர்களிடம் உரிமம் உள்ள 4டாஸ் ஒன்று தெரியாமலே இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் அலமாரியில் பெட்டி கிடைத்தது; உள்ளே இருந்த ஃப்ளாப்பிகளில் இரண்டு படிக்கவில்லை. உங்களிடம் நன்றாக இருந்தால் உரிமப் புத்தகத்தைப் படித்துவிட்டு அதையே பயன்படுத்துங்கள்.

அப்புறம் 4டாஸுக்கே வந்தேன். ஜேபி சாஃப்ட்வேர் 2000-களில் 4டாஸ் விற்பனையை நிறுத்தி, 7.50 பதிப்பை இலவசமாக்கியது. மூலநிரலையும் வெளியிட்டது. மூலநிரலுக்கான உரிமம் எம்ஐடி உரிமத்தைப் போலவே இருக்கும். கூடுதலாக, வணிகப் பொருளில் பயன்படுத்துவதைத் தடுக்கும் நிபந்தனை உண்டு. அந்த மூலநிரலை வைத்துப் பிற்பாடு மற்றவர்கள் திருத்தி வெளியிட்ட பதிப்புகளும் உண்டு. நான் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தது இதைத்தான். ஒரே பெயர், நிறுவனம் கட்டிக் கொடுத்த 7.50-க்கு ஒரு தாள், மூலநிரலுக்கும் அதிலிருந்து பிறந்தவற்றுக்கும் இன்னொரு தாள். எங்களிடம் இருந்த 5.5-க்கு இரண்டுமே பொருந்தாது. அது என்றைக்கும் பதிவு செய்ய வேண்டிய ஷேர்வேர்தான். 7.50 இலவசம் ஆனதால் 5.5-உம் இலவசம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு விட்டிருந்தால் தணிக்கையில் மறுபடி அதே கேள்விதான் வந்திருக்கும்.

கட்டணச் சோதனை நடக்கும் கணினியில் 'வணிகம்' என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை. அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். பயிற்சிக்கு வைத்திருக்கும் இன்னொரு பழைய கணினியில் நிறுவனமே வெளியிட்ட 4டாஸ் 7.50. இயந்திரத்தை ஓட்டும் கணினியில் எந்த விளக்கமும் தேவைப்படாத உரிமம் உள்ள ஒன்று.

அப்படி ஒன்று இருந்தது: ஃப்ரீடாஸ். மைக்ரோசாஃப்ட் டாஸைக் கைவிடப் போகிறது என்று தெரிந்ததும், ஜிம் ஹால் என்ற மாணவர் 1994 ஜூன் 29 அன்று, நாமே ஒரு இலவச டாஸ் எழுதுவோம் என்று அறிவித்தார். உலகம் முழுக்கப் பலர் சேர்ந்தார்கள். 1.0 பதிப்பு வெளிவந்தது 2006 செப்டம்பரில்; 12 வருட உழைப்பு. 1.3 பதிப்பு 2022-இல் வந்தது. அதன் கருவும் (கெர்னல்), ஃப்ரீகாம் என்ற ஷெல்லும் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கின்றன. வணிகமோ இல்லையோ, எத்தனை கணினியோ, பயன்படுத்துவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஃப்ரீகாமில் டேப் விசையால் பெயரை நிரப்பும் வசதி, பழைய கட்டளைகளைத் திரும்ப அழைப்பது, சுருக்கப் பெயர் வைப்பது எல்லாம் உண்டு. 4டாஸ் அளவுக்குக் கிடையாது, அன்றைய கமாண்ட்.காமை விட நிச்சயமாக வசதி.

மாற்றிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும். பழைய ஹார்ட் டிஸ்கை நான் தொடவே இல்லை. கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு காம்பேக்ட் ஃப்ளாஷ் அட்டையை அடாப்டர் மூலம் மாட்டினேன். அந்த அட்டை ஐடிஇ டிஸ்க் மாதிரியே நடந்துகொள்ளும். கணினியை எழுப்பிவிடும் பயாஸ் நிரல்களில் 486 காலத்தவை பலவற்றுக்கு 504 மெகாபைட்டுக்கு மேல் கண் தெரியாது. அதனால் 256 மெகாபைட் அட்டையைத் தேடி எடுத்தேன். அதில் ஃப்ரீடாஸை நிறுவினேன். ஏதாவது தவறினால் பழைய டிஸ்கை மாட்டிவிட்டு அன்றே சோதனையைத் தொடரலாம். பிழைப்புக்கான கணினியில் கை வைக்கும்போது இந்தத் தைரியம் ரொம்ப முக்கியம்.

முதல் தவறு ஷெல் வரியிலேயே நடந்தது. ஃப்ரீகாம் இருக்கும் டைரக்டரியை நான் பின்னர் இடம் மாற்றினேன், கட்டமைப்புக் கோப்பில் பழைய இடமே இருந்தது. பூட் ஆகி, ஷெல் கிடைக்கவில்லை என்று சொல்லி, முழுப் பாதையைக் கேட்டுக்கொண்டு நின்றது. சரியான பாதையைத் தட்டினேன், உள்ளே விட்டது. அந்தப் பாதை மனதில் இருந்ததால் தப்பித்தேன். இப்போது கணினியின் பக்கத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு பூட் ஃப்ளாப்பியும் உறையில் போட்டு உடன் வைத்திருக்கிறேன். காம்ஸ்பெக் என்ற மாறியும் அதே பாதையைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஒரு நிரல் முடிந்து திரும்பும்போது கணினி ஷெல்லைத் தேடித் தடுமாறும். ஷெல் வரியில் சூழல் மாறிகளுக்கான இடத்தை 1024 பைட்டாகக் கொடுத்தேன். குறைவாக விட்டால் பேட்ச் ஃபைல் பாதி வழியில் மாறிக்கு இடமில்லை என்று சொல்லும்.

இரண்டாவது சிக்கல் நினைவகத்தில். மேல் நினைவகத்தைப் பயன்படுத்தும் இயக்கியைப் போட்டதும் இயந்திரத்தின் அட்டை பதில் சொல்லவில்லை. அட்டை தனக்கென்று எடுத்துக்கொள்ளும் முகவரியையே அந்த இயக்கியும் எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த முகவரியை விட்டுவிடும்படி இயக்கியின் வரியில் ஒரு சேர்க்கை எழுதினேன், சரியானது. இது உரிமத்தோடு தொடர்பில்லாத விஷயம்தான். ஆனாலும் இப்படி ஒரு தடை வந்ததும், 'பேசாமல் பழைய 4டாஸையே வைத்துக்கொள்வோம்' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டு மறுநாள் உட்கார்ந்தால் வழி தெரியும்.

மூன்றாவது, பேட்ச் ஃபைல்களைத் திருப்பி எழுதுவது. இதுதான் அதிக நேரம் எடுத்தது, எனக்குப் பிடித்த வேலையும் இதுதான். நிபந்தனைக் கட்டளைகளை எல்லாம் சாதாரண இஃப், கோட்டூ என்று பிரித்து எழுதினேன். கூட்டல்தான் தலைவலி. ஒவ்வொரு சோதனைக்கும் அடுத்த எண்ணைப் பெயராகக் கொடுக்கும் கோப்பு ஒன்று இருந்தது. 4டாஸில் அது ஒரே வரி. ஃப்ரீகாமில் அப்படிச் செய்ய முடியவில்லை. கடைசியில் சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அது எண்கோப்பைப் படித்து, ஒன்று கூட்டி, 'செட் எண்=' என்ற ஒரே வரி கொண்ட ஒரு பேட்ச் ஃபைலை எழுதிவிட்டு முடிந்துவிடும். முதன்மை பேட்ச் ஃபைல் அதை கால் கட்டளையால் அழைக்கும்; மாறியில் புது எண் வந்துவிடும். பழைய டாஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த உத்தி. அண்ணாவிடம் ஃபோனில் சொன்னேன். "4டாஸ் வர்றதுக்கு முன்னாடி நாங்க அப்படித்தாம்ப்பா செஞ்சோம்" என்றார். விளக்கக் கோப்பைப் படித்துக் காட்ட இன்னொரு சின்ன நிரல். பழைய முடிவுகள் எல்லாம் விளக்கத்தோடு வருகின்றன.

புது ஏற்பாட்டில் ஒரே கம்பியிலிருந்து வெட்டிய துண்டுகளைப் பழைய டிஸ்கிலும் புது அட்டையிலுமாக மாற்றி மாற்றிச் சோதித்து, முடிவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதினோம். அளவு சொல்லும் கணினியில் ஷெல்லை மாற்றினாலும் இது வேண்டும்.

ஜிபிஎல் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் இடத்தில் ஓட்டுவதற்கு அது எதையும் கேட்பதில்லை. பிரதியை இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் கடமை வருகிறது: மூலநிரலும் அவருக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும், உரிமத்தின் வாசகமும் உடன் போக வேண்டும். எங்களைப் போலவே இயந்திரம் வைத்திருக்கும் இன்னொரு கூடத்துக்கு இந்த ஏற்பாட்டை ஒரு அட்டையில் போட்டுக் கொடுத்தபோது, மூலநிரலை இன்னொரு அட்டையில் போட்டு அதோடு கொடுத்தேன்.

நான் இதில் இறங்கியிருப்பது தெரிந்து, மற்ற பழைய கணினி வைத்திருப்பவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். யூனிக்ஸ் பணிநிலையம் வைத்திருந்த ஒருவருடைய ஸ்கிரிப்ட் எல்லாம் கார்ன் ஷெல்லில் இருந்தன. டேவிட் கார்ன் பெல் ஆய்வகத்தில் எழுதி 1983-இல் அறிமுகப்படுத்தியது. அதிலும் பதிப்புதான் கேள்வி. 1988 பதிப்பு அந்தந்த யூனிக்ஸோடு அந்த உரிமத்தில் வருவது. 1993 பதிப்பின் மூலநிரல் 2000-இல்தான் வெளியே வந்தது. பொதுவெளிக்கே கொடுக்கப்பட்ட பிடிகேஎஸ்எச் என்ற தனிப் படைப்பும், அதன் வழிவந்த எம்கேஎஸ்எச்சும் உண்டு. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பேஷ் ஷெல்லும் இப்படித்தான்: 3.2 வரை ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, 2009-இல் வந்த 4.0 முதல் மூன்றாம் பதிப்பு.

இன்னொரு நண்பர், டாஸுக்கும் முந்தைய இயங்குதளமான சிபி/எம் ஓடும் இசட்80 கணினியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். அதன் ஷெல்லுக்கு சிசிபி என்று பெயர். வெறும் 2 கிலோபைட். டிஐஆர், இஆர்ஏ, ஆர்இஎன், சேவ், டைப், யூசர் என்று ஆறே கட்டளைகள். சிபி/எம்முக்கான அனுமதி முதலில் 2001-இல் ஒரு குறிப்பிட்ட வலைத்தளத்துக்கு மட்டும் என்பது போல எழுதப்பட்டிருந்தது. மற்றவர்கள் பிரதி வைத்துக்கொள்ளலாமா என்று இருபது வருடம் சந்தேகம். உரிமையை வைத்திருந்த நிறுவனத்தின் தலைவர் பிரையன் ஸ்பார்க்ஸ் 2022-இல் எல்லோரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். நண்பர் சந்தேகத்திலேயே பல வருடம் அந்தக் கணினியைப் பரணில் வைத்திருந்தார். அதற்கு இசட்சிபிஆர் என்ற மாற்று ஷெல்லும் உண்டு, 1982-இல் ஆர்வலர்கள் எழுதியது. இசட்80-இன் சுருக்கமான கட்டளைகளைப் பயன்படுத்தி, அதே 2 கிலோபைட்டுக்குள் கூடுதல் வசதிகளை அடக்கியிருக்கிறார்கள். நடப்பு டிரைவில் நிரல் இல்லையென்றால் முதல் டிரைவிலும் தேடும். இன்று நமக்கு அது சாதாரணம். இரண்டு ஃப்ளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவியாக இருந்திருக்கும் என்று அன்று அந்தத் திரையின் முன் உட்கார்ந்தபோது புரிந்தது.

தணிக்கைக்கு நான் தயார் செய்தது ஒரு மெல்லிய கோப்பு. கணினிக்கு ஒரு பக்கம். ஷெல்லின் பெயர், பதிப்பு எண், கோப்பின் அளவும் தேதியும், எங்கிருந்து எந்த நாளில் எடுத்தேன், அதன் சரிபார்ப்பு எண். பின்னால் அந்தப் பதிப்போடு வந்த உரிம வாசகத்தின் அச்சுப்பிரதி. வலைப்பக்கத்தில் இருந்த சுருக்கத்தை நான் வைக்கவில்லை. கோப்போடு கட்டாக வந்த உரிமக் கோப்பையே அச்செடுத்தேன், ஏனென்றால் பக்கங்கள் மறைந்துபோகும், மாறவும் செய்யும். பழைய டிஸ்கில் இருந்த 4டாஸ் 5.5-ஐ நீக்கிவிட்டு, நீக்கிய நாளையும் எழுதினேன்.

அதே தணிக்கையாளர்தான் மறுபடி வந்தார். டிஐஆர் அடிக்கச் சொன்னார். நிறமில்லாமல் வெள்ளை எழுத்தில் வந்தது. கோப்பை வாங்கி, ஃப்ரீகாமின் பதிப்பு எண்ணைத் திரையில் இருந்ததோடு விரல் வைத்து ஒப்பிட்டார். உரிம வாசகத்தின் முதல் பக்கத்தை நின்றபடியே படித்தார். "பயிற்சிக் கணினியில் மட்டும் ஏன் வேறு?" என்று கேட்டார். 7.50-க்கான தாளைக் காட்டினேன். இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அளவுத்திருத்தச் சான்றிதழை எடுக்கச் சொன்னார்.